பச்சிளம் குழந்தையின் டிஸ்சார்ஜ்: மணிக்கணக்குக்கு அப்பால்

"சுகப்பிரசவம்தானே, இன்னும் ஏன் அனுப்பமாட்டேன் என்கிறார்கள்?" இது ஒரு புகார். "மறுநாளே போகச் சொல்லிவிட்டார்கள், கட்டில் இல்லையாம்." இது இன்னொரு புகார். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தப் பிரசவ வார்டு வாசலில் நின்றாலும் இந்த இரண்டும் காதில் விழும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்ளும்: "டாக்டருக்கு விதியே தெரியவில்லை."

மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் முதல் இரண்டும் மணிக்கணக்கை மட்டுமே பார்க்கின்றன. மூன்றாவது, மருத்துவரின் அறிவை மட்டுமே பார்க்கிறது. விதி என்ன, அது ஏன் அப்படி இருக்கிறது, விதி தெரிந்த மருத்துவர்களே அதை ஏன் தவறவிடுகிறார்கள், எதைச் செய்தால் அது மாறும் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

எத்தனை மணி நேரம்?

சிக்கல் இல்லாத சுகப்பிரசவம் என்றால் தாயும் சேயும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு அரசு வழிகாட்டுதல் 48 மணி நேரம் என்கிறது. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை தாய்க்கு இலவச உணவு கொடுக்கச் சொல்லியிருப்பதும் இப்படித் தங்கவைப்பதற்காகத்தான். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப நெருக்கியதால் 1996இல் சட்டமே போட்டார்கள்: சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம், சிசேரியனுக்கு 96 மணி நேரம் தங்கும் செலவைக் காப்பீடு மறுக்கக் கூடாது. பிரிட்டனிலோ ஆறே மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிற தாய்மார்கள் உண்டு. அங்கே அதன்பிறகு மிட்வைஃப் வீடு தேடி வருவார்.

இந்தக் கட்டுரையில் 'முன்கூட்டிய டிஸ்சார்ஜ்' என்றால், சுகப்பிரசவமாகி 48 மணி நேரம் முடிவதற்குள் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது. 'வழிகாட்டுதல்' என்றால், இருக்கும் ஆதாரங்களை வைத்து நிபுணர்கள் எழுதிக் கொடுக்கும் நடைமுறைப் பரிந்துரை. அது சட்டம் கிடையாது. தக்க காரணம் இருந்தால் மருத்துவர் விலகலாம். ஆனால் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

நாட்டுக்கு நாடு மணி மாறுகிறதே, அப்படியானால் எது சரி? ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போவதைப் பாருங்கள். கிளம்பும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆனால் நேரம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. டீசல் இருக்கிறதா, ஐஸ் ஏற்றியாயிற்றா, இன்ஜின் சத்தம் சரியாக இருக்கிறதா, பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, மீன்வளத்துறை டோக்கன் வாங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் படகு நகரும். எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். டிஸ்சார்ஜ் வழிகாட்டுதலும் இதே மாதிரிதான். 24, 48 என்பதெல்லாம் குறைந்தபட்ச நேரம். உண்மையான விதி, கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றிலும் கரையில் யார் காத்திருக்கிறார் என்பதிலும் இருக்கிறது.

பார்க்க வேண்டியவை என்ன? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக்கொள்வோம். குழந்தை 37 வாரம் முடிந்து பிறந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரமும் உடல் வெப்பம் 36.5 முதல் 37.4 டிகிரி செல்சியஸுக்குள்ளும், மூச்சு நிமிடத்துக்கு 60க்குக் கீழும் இருந்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு முறையாவது நன்றாகப் பால் குடித்திருக்க வேண்டும். சிறுநீரும் மலமும் போயிருக்க வேண்டும். மஞ்சள் காமாலை வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்திருக்க வேண்டும். ஆபத்து அறிகுறிகளைத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன்பே அனுப்பினால், அடுத்த 48 மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றுதான் எல்லா ஊரிலும் அதிகம் நழுவுவது.

மூன்றாம் நாள் ஏன் கவலை தருகிறது?

பிறந்த மறுநாள் குழந்தை பெரும்பாலும் நன்றாகவே தெரியும். முக்கியமான சில சிக்கல்கள் அதற்கு அப்புறம்தான் தலைகாட்டும். அதில் முதலாவது மஞ்சள் காமாலை.

கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும். அப்படி வருவது குறைவுதான்; அந்தக் குறைவை ஈடுகட்ட அதன் உடலில் சிவப்பணுக்கள் அதிகம் இருக்கும். பிறந்து சொந்தமாக மூச்சு விட்டதும் அவ்வளவும் தேவையில்லை. போதாததற்கு, பச்சிளம் குழந்தையின் சிவப்பணுவுக்கு ஆயுளும் பெரியவர்களுடையதைவிடக் குறைவு. அவை உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை மாற்றிக் குடலுக்குத் தள்ள வேண்டும். மலத்தோடு அது வெளியேற வேண்டும். ஆனால் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் நொதி முழு வேகத்துக்கு வரச் சில நாள் ஆகும். அதற்குள் பிலிரூபின் ரத்தத்தில் தேங்குகிறது. நிறைமாதக் குழந்தையிடம் இது உச்சத்துக்கு வருவது 3 முதல் 5ஆம் நாளுக்குள்.

இதில் பாலும் சேர்ந்துகொள்கிறது. முதல் நாளில் சுரப்பது சீம்பால், அளவில் கொஞ்சம். பால் நன்றாக இறங்குவது 2ஆம் நாளுக்குப் பிறகு. பால் குடிப்பது சரியாக அமையாத குழந்தைக்கு மலம் குறைவாகப் போகும். குடலில் தங்கிய பிலிரூபின் மறுபடி ரத்தத்துக்கே திரும்பும். மஞ்சள் கூடிய குழந்தை சோர்ந்து தூங்கும். தூங்குவதால் இன்னும் குறைவாகக் குடிக்கும். இந்தச் சுழல் தொடங்குவதே பல குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகுதான். அளவு மிகவும் கூடிவிட்டால் பிலிரூபின் மூளைக்குள் புகுந்து, காது கேளாமை முதல் நிரந்தரக் கை கால் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும். இத்தனைக்கும் இது தடுக்கக்கூடியது. நீல ஒளியில் வைத்தால், கல்லீரலின் உதவி இல்லாமலேயே வெளியேறக்கூடிய வடிவத்துக்குப் பிலிரூபின் மாறிவிடும். 'லைட்டில் வைப்பது' என்று நாம் சொல்வது இதைத்தான்.

எனவே 24ஆம் மணியில் "மஞ்சள் இல்லை" என்று எழுதிய சீட்டு, நான்காம் நாளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வினோத் பூட்டானி என்ற மருத்துவரும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட வரைபடம் உலகம் முழுக்கப் பயன்பட்டதற்குக் காரணம் இதுதான். பிலிரூபின் அளவைக் குழந்தையின் வயதோடு, அதுவும் மணிக்கணக்கில், சேர்த்துப் படிக்க அது சொல்லிக்கொடுத்தது. டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராம் என்பது 72ஆம் மணியில் கவலை இல்லாத அளவு. அதே 8, 24ஆம் மணியில் ஆபத்தான பகுதி.

இரண்டாவது, இதயம். கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் இருக்கும். பிறந்த முதல் சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். சில பிறவி இதயக் கோளாறுகளில் உடலின் ரத்த ஓட்டமே அந்தக் குழாயை நம்பி நடக்கிறது. அது திறந்திருக்கும்வரை குழந்தை நன்றாக இருக்கும், மூடியதும் சரிந்துவிடும். 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தால் இவற்றில் பலவற்றை முன்பே பிடித்துவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கருவி எல்லா ஊரிலும் அறிமுகம்தான், ஆனால் பச்சிளம் குழந்தைக்கு அதற்கென்ற சிறிய சென்சார் வேண்டும்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: மஞ்சள் உச்சம் தொடுவது, பால் நிலைப்படுவது, குழாய் மூடுவது எல்லாம் முதல் சில நாளில் நடப்பவை. முன்கூட்டிய டிஸ்சார்ஜ் என்றால், அந்த நாட்களின் கண்காணிப்பு வார்டிலிருந்து வீட்டுக்குக் கைமாறுகிறது. யாரிடம் கைமாறுகிறது என்று எழுதாமல் அனுப்புவதே பிழை.

தெரிந்த மருத்துவரே ஏன் தவறவிடுகிறார்?

மேலே சொன்னதில் எதுவும் குழந்தை மருத்துவர்களுக்குப் புதிதில்லை. பட்ட மேற்படிப்பில் தேர்வெழுதியவை. அப்புறம் ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டு 1999இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, காரணங்களை மூன்றாகப் பிரித்தது. ஒன்று, அறிவு: வழிகாட்டுதல் இருப்பதே தெரியாது, அல்லது விவரம் தெரியாது. இரண்டு, மனப்பாங்கு: ஒத்துக்கொள்வதில்லை, செய்தாலும் பலன் இருக்கும் என்று நம்புவதில்லை, பழகியதை விட மனமில்லை. மூன்று, சூழல்: நேரமில்லை, கருவி இல்லை, நோயாளியே மறுக்கிறார். நம் பொதுப்பேச்சு முதல் காரணத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் மருந்தும் ஒன்றே ஒன்றுதான்: இன்னொரு பயிற்சி வகுப்பு, இன்னொரு சுற்றறிக்கை.

ஒரு வார்டின் காலையை நினைத்துப் பாருங்கள். ரவுண்ட்ஸ் முடிவதற்குள் மூன்று பேர் புதிதாக அட்மிட் ஆகக் காத்திருப்பார்கள். டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டுவார். முந்தைய எடை ஓரிடத்தில் இருக்கும், ரத்தப் பிரிவு இன்னோர் இடத்தில் இருக்கும், மலம் போனதா என்பது யாருடைய நினைவிலோ இருக்கும். வெளியே உறவினர்கள்: கணவர் கடலுக்குப் போக வேண்டும், நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, வீட்டுக்குக் கூட்டிப்போக ஆகாது, இன்றே அனுப்புங்கள். தாயை மகப்பேறு மருத்துவர் அனுப்பிவிட்டார், குழந்தையை மட்டும் எப்படி நிறுத்துவது? இந்த நெருக்கடியில் எட்டு விஷயத்தை நினைவிலிருந்து சரிபார்ப்பது எவ்வளவு கெட்டிக்காரருக்கும் கஷ்டம்.

இன்னொரு காரணம் உண்டு. என் கணிப்பில் எல்லாவற்றையும்விடப் பெரியது. அனுப்பிய மருத்துவருக்குப் பலன் திரும்பி வருவதில்லை. ஐந்தாம் நாள் குழந்தை மஞ்சளாகி, சோர்ந்து, பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போய்விடும். அனுப்பியவர் அறிவது எல்லாம், "இத்தனை வருடமாக அனுப்புகிறேன், யாரும் திரும்பி வந்ததில்லை." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் படும் அனுபவம் அப்படித்தான் இருக்கிறது.

பட்டியல் ஒட்டினால் போதுமா?

நினைவை நம்பாமல் எழுதிவைத்துச் சரிபார்ப்பது நல்ல யோசனைதான். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலில் நான்கு நிறுத்தங்கள் உண்டு: அட்மிட் ஆகும்போது, குழந்தை வெளிவரும் முன், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், நான்காவதாக டிஸ்சார்ஜுக்கு முன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம் நின்று, கேட்டு, டிக் அடித்துவிட்டு நகர வேண்டும்.

இது வேலை செய்கிறதா என்று உத்தரப்பிரதேசத்தில் பெரிய அளவில் சோதித்தார்கள். 120 சுகாதார மையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். பாதி மையங்களுக்குப் பட்டியலோடு, வந்து கூட நின்று சொல்லித்தரும் பயிற்றுநர்களையும் கொடுத்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. இரண்டாவது மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் சுமார் 73 சதவீதம் பயிற்சி பெற்ற மையங்களில் நடந்தன, மற்றவற்றில் 42. பயிற்றுநர்கள் விலகிய பிறகு, பன்னிரண்டாவது மாதத்தில் 73 என்பது 62 ஆக இறங்கிவிட்டது. தாய் சேய் இறப்பிலும் கடும் பாதிப்பிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை.

பலர் இந்த ஆய்வை "பட்டியல் தண்டம்" என்று வாசித்தார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. கூட ஒருவர் நின்றால் நடத்தை மாறுகிறது, அது உறுதி. ஆனால் டிக் அடித்த பிறகு நடக்க வேண்டியதற்கு ஆளும் மருந்தும் வண்டியும் இல்லையென்றால் உயிர் காப்பதில் அது தெரியாது. "மறுபரிசோதனை தேதி கொடுக்கப்பட்டது" என்று டிக் அடிப்பது எளிது. அந்தத் தேதியில் குழந்தை வருவதற்கு வழி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

இன்னொரு வழி 'தணிக்கையும் பின்னூட்டமும்'. ஒரு வார்டு செய்த வேலையைப் பதிவேட்டிலிருந்து எண்ணி, அந்த வார்டுக்கே காட்டுவது என்று பொருள். யாரையும் தண்டிக்கும் தணிக்கை இல்லை இது. 2012இல் 140 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பரிந்துரையைக் கடைப்பிடிப்பது நடுமதிப்பாக 4.3 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. சின்ன எண்தான். ஆனால் தொடக்க நிலை மோசமாக இருந்த இடங்களில் பலன் அதிகம். கூடவே வேலை பார்ப்பவரோ நேர் மேலதிகாரியோ சொன்னால் அதிகம். ஒருமுறை சொல்லி விடாமல் திரும்பத் திரும்ப, வாயாலும் எழுத்தாலும், ஒரு இலக்கோடு சொன்னால் அதிகம். மாவட்டத் தலைமையகத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கடிதத்தில் இதில் எதுவுமே இருக்காது.

சுருக்கமாகச் சொன்னால், வகுப்பும் சுற்றறிக்கையும் அறிவுக்கு மட்டுமே மருந்து. பட்டியல் நினைவுக்கு உதவும். பின்னூட்டம், கண்ணில் படாத பலனைக் கண்ணில் காட்டும். மூன்றும் வேண்டும், கூடவே பரிந்துரையை நடத்திக்காட்டும் வழியும் வேண்டும்.

"எந்த வீட்டுக்குப் போகிறீர்கள்?"

அந்த வழி நம் கடற்கரையில் எங்கே அறுந்துபோகிறது என்று பார்த்தால், ஒரு சாதாரண விஷயத்தில் போய் முடியும்: விலாசம்.

தமிழ்நாட்டில் பிரசவித்த தாயை வீட்டில் போய்ப் பார்ப்பவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பகாலப் பதிவும், அதற்கு அரசு கொடுக்கும் பிக்மி எண்ணும் பல நேரம் புகுந்த வீட்டு ஊர் நர்ஸம்மாவிடம் இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பதிவு தங்கச்சிமடத்தில், குழந்தையோ வாலிநோக்கத்தில். ஒரு நர்ஸம்மாவுக்குக் குழந்தை பிறந்தது தெரியும், தேடிப் போனால் ஆள் இருக்காது. இன்னொருவரின் எல்லையிலேயே குழந்தை இருக்கும், அவர் பதிவேட்டில் பெயர் இருக்காது. (கீழக்கரையில் பல மரைக்காயர் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் தங்குவார் என்பதால் இந்தக் குழப்பம் குறைவு. வழக்கம் சில நேரம் சுகாதாரத் துறைக்கு உதவி செய்துவிடுகிறது.)

டிஸ்சார்ஜ் சீட்டில் "இப்போது போகும் வீடு, அங்குள்ள செவிலியர், போன் எண்" என்று ஒரு வரி அச்சடிப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்த வரி நிரம்பாமல் தாயையும் சேயையும் வீட்டில் இறக்கிவிடும் 102 வண்டியை அழைக்கக் கூடாது என்று வார்டு முடிவெடுத்துவிட்டால், மருத்துவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பாரமும் குறைகிறது. 'வழிகாட்டுதலைக் கடைப்பிடிப்பதை மேம்படுத்துவது' என்று பெரிய பெயரில் பேசுவது நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சரியானதைச் செய்வது எளிதாகவும், விட்டுவிடுவது சிரமமாகவும் இருக்கும்படி வேலையை அடுக்குவது.

தூரமும் கணக்கில் வர வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பச்சை உடம்போடு ஒரு தாய் நான்காம் நாள் பஸ் ஏறி வருவாள் என்று எழுதுவது கற்பனை. அப்படிப்பட்டவருக்கு இரண்டே வழிதான் நியாயம்: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க ஏற்பாடு செய்வது, இல்லாவிட்டால் 72 மணி நேரம் வரை வார்டிலேயே வைத்திருப்பது. மஞ்சள் வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைக்கு, அதாவது 38 வாரத்துக்கு முன் பிறந்தது, தாய்க்கு ஓ பிரிவோ நெகட்டிவ் பிரிவோ ரத்தம், மூத்த குழந்தைக்கு லைட் வைக்க வேண்டி வந்தது, இதில் ஏதாவது இருந்தால், நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது

காலை வெயிலில் காட்டுவது மஞ்சளுக்குச் சிகிச்சை ஆகாது. தேவையான ஒளி எவ்வளவு கிடைக்கிறது என்று தெரியாது; குழந்தை சூடேறவும் நீர் வற்றவும் வாய்ப்பு உண்டு. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பால் குடிப்பது குறையும், மலம் குறையும், மஞ்சள் கூடும். இருட்டு அறையில் மாநிறக் குழந்தையின் மஞ்சள் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளைப் பகுதியையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தாலோ, எந்த நாளானாலும் உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலோ, பால் குடிக்க எழுப்பினாலும் எழவில்லையென்றாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எதை எண்ணுவது?

ஒரு வார்டு இதைச் சரிசெய்யத் தொடங்கினால் முதலில் எண்ண வேண்டியது எது? பலரும் "எத்தனை பேர் 48 மணி நேரம் தங்கினார்கள்" என்று எண்ணுவார்கள், ஏனென்றால் அது கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. நான் வேறொன்றை எண்ணச் சொல்வேன்: முன்கூட்டியே போன குழந்தைகளில் எத்தனை பேரை 3 முதல் 5ஆம் நாளுக்குள் யாராவது நேரில் பார்த்தார்கள்? இந்த எண் மருத்துவமனைப் பதிவேட்டில் கிடைக்காது. செவிலியரின் பதிவேட்டில்தான் பாதி இருக்கும். வார்டிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வாரத்துக்கு ஒருநாள், அந்த வாரம் போன தாய்மார்களுக்குப் போன் போட்டு, "யாராவது வந்து பார்த்தார்களா, குழந்தை எப்படி இருக்கிறது?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினால் போதும். மாதக் கடைசியில் அந்த நோட்டை, அனுப்பிய மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். லைட்டில் வைக்கப்பட்ட குழந்தை எந்த மருத்துவமனையில், எத்தனையாவது நாளில் என்பதையும் சேர்த்து.